அம்புகளைக் கழற்றியவர் யார்?

ஜனவரி மாதம் 20ஆம் திகதி திருச்சபை புனித செபஸ்தியாரின் திருநாளைக் கொண்டாடுகின்றது. மன்னார் மறைமாவட்டத்தின் பேராலயம் அவர் பெயரால் அமைந்தது. நீர்கொழும்புப் பகுதியிலோ அவருக்கு இருக்கும் பக்தியைச் சொல்லி முடியாது. மரத்திலே கட்டுண்டு, உடலெங்கும் அம்பு தைத்து, விழிகளை வானுக்கு உயர்த்தி நிற்கும் அந்தத் திருச்சொரூபத்தை அறியாத கத்தோலிக்கக் குழந்தை நம்மிடையே இல்லை.

2014ஆம் ஆண்டு, திருநாளுக்கு முந்திய ஞாயிறன்று, எங்கள் பங்கின் மறைக்கல்வி வகுப்பில் நான் கற்பித்துக்கொண்டிருந்தேன். “செபஸ்தியார் எப்படி இறந்தார்?” என்று கேட்டேன். “அம்பு பட்டு” என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை சொன்னது. சரியென்று தலையசைத்தேன். அப்பொழுது பின்வாங்கிலிருந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்று, “அப்ப அந்த அம்புகளைக் கழட்டினது ஆர், சேர்?” என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். குறும்பு என்றே நானும் எண்ணினேன். வாசித்துப் பார்த்துச் சொல்லுவதாகக் கூறிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். ஆசிரியர்கள் தப்பித்துக்கொள்ளும் பழைய வழி அது.

வாசிப்பதற்கு ஆறு ஆண்டுகள் சென்றன. 2020ஆம் ஆண்டிலே பெருந்தொற்றினால் ஆலயக் கதவுகள் அடைபட்டுக் கிடந்தபோது, கொள்ளைநோய்க் காலத்தின் பாதுகாவலரென்று முன்னோர் போற்றிய இப்புனிதரின் வரலாற்றைத் தேடி எடுத்தேன். எடுத்த பின்னரே, அன்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்ன விடையும், அதற்கு நான் தலையசைத்ததும் பிழையென்று அறிந்தேன். செபஸ்தியார் அம்பு பட்டு இறக்கவில்லை. அம்புகளை ஒருவர் கழற்றினார். அந்த ஒருவருக்குப் பெயரும் உண்டு.

வரலாறு இவரைப்பற்றி உறுதியாகக் கூறுவது மிகச் சிறிதே என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 354ஆம் ஆண்டிலே தொகுக்கப்பட்ட ஓர் உரோமை நாட்காட்டி, ஜனவரி 20ஆம் நாளுக்கு நேரே இரண்டு பெயர்களைக் குறிக்கின்றது. ஒன்று, 250ஆம் ஆண்டில் தேசியுஸ் மன்னனின் காலத்தில் உயிர்நீத்த பாப்பரசர் பபியான். மற்றது செபஸ்தியார். அவருடைய கல்லறை இருந்த இடத்தையும் அந்நாட்காட்டி சொல்லுகின்றது. உரோமை நகருக்கு வெளியே, அப்பியா நெடுஞ்சாலையின் ஓரத்தில், ‘கத்தகும்பாஸ்’ என்று வழங்கிய பள்ளமான நிலம் அது. இன்று ஐரோப்பிய மொழிகளிலே நிலத்தடிக் கல்லறைகள் யாவற்றையும் குறிக்கும் சொல் இந்த ஓர் இடத்தின் பெயரிலிருந்தே பிறந்தது. நான்காம் நூற்றாண்டிலே அங்கே எழுந்த பேராலயம் முதலில் பேதுரு, பவுல் ஆகிய அப்போஸ்தலர்களின் பெயரைத் தாங்கியிருந்தது. காலப்போக்கில் மக்கள் அதனைச் செபஸ்தியாரின் ஆலயமென்றே அழைக்கலாயினர்.

இரண்டாவது சான்று புனித அம்புரோசியாருடையது. மிலான் நகரின் ஆயராயிருந்த அவர், 118ஆம் திருப்பாடலுக்கு (இன்றைய எண் முறையில் 119) அளித்த விளக்கவுரையிலே செபஸ்தியாரை நினைவுகூருகின்றார். செபஸ்தியார் மிலானைச் சேர்ந்தவர். அக்காலத்தில் அங்கே துன்புறுத்தல் இல்லாதிருந்தது, அல்லது தணிந்திருந்தது. ஆகையால் அவர் துன்புறுத்தல் கொடியதாயிருந்த உரோமைக்குச் சென்று அங்கே சாட்சியாக மரித்தார் என்பது அவர் கூற்றின் சாரம். அம்புகளைப்பற்றி அம்புரோசியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆபத்தில்லாத இடத்திலிருந்து ஆபத்துள்ள இடத்தை நோக்கி ஒருவர் நடந்துபோனார் என்பதே அவர் மனத்தில் நின்றிருக்கின்றது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

மற்றவை யாவும் ஐந்தாம் நூற்றாண்டில் இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட ‘பாடுகளின் வரலாறு’ என்னும் நூலிலிருந்து வருபவை. அதனை அம்புரோசியாரே எழுதினாரென்று நெடுங்காலம் நம்பினார்கள். இளைய அர்னோபியுஸ் என்னும் துறவி எழுதியிருக்கலாமென்று இக்கால ஆய்வாளர் கருதுகின்றனர். நிகழ்ச்சிகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியது என்பதால் அதன் ஒவ்வொரு வரியையும் சரித்திரமாகக் கொள்ள இயலாது. தியோக்கிளேசியன் பேரரசன் (ஆட்சிக்காலம் 284 – 305) தன் ஆட்சியின் பெரும்பகுதியை உரோமையிலே கழிக்கவுமில்லை. இதையெல்லாம் சொன்னால் மக்களின் விசுவாசம் குறைந்துவிடுமென்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு பெயர், ஒரு நாள், ஒரு கல்லறை, ஆபத்தை நோக்கிய ஒரு பயணம் ஆகிய இவை உறுதியானவை. எஞ்சியது, அந்தக் கல்லறையைச் சூழ்ந்து நின்று செபித்த தலைமுறைகள் தங்கள் சாட்சியைப்பற்றி எதை மறக்க விரும்பவில்லை என்பதைக் காட்டுகின்றது. அப்படிப் பார்த்தால் அந்நூலை நாம் போதிய அளவு வாசிக்கவில்லை என்பதே என் குறை.

அந்நூல் காட்டும் செபஸ்தியார், பேரரசனின் மெய்க்காவற் படையிலே அதிகாரி. அரசனுக்கு நெருங்கியவர். தம் விசுவாசத்தைப் படைவீரரின் மேலாடைக்குள் மறைத்து வைத்திருந்தவர். இது கோழைத்தனமல்லவா என்று கேட்கத் தோன்றும். நூலாசிரியர் அதற்கு விடை தருகின்றார். சிறைப்பட்ட கிறிஸ்தவர்களைச் சந்தித்துத் தேற்றுவதற்கு அந்த மேலாடை ஒரு சாவியாயிருந்தது. மாற்கு, மார்செல்லியன் என்னும் உடன்பிறந்தார் இருவர் மரண தண்டனை பெற்று நிக்கோஸ்திராத்துஸ் என்பவரின் வீட்டிலே காவலில் வைக்கப்பட்டிருந்தனர். பெற்றோரும் மனைவியரும் பிள்ளைகளும் வந்து அழுது மன்றாடியபோது அவர்களின் உறுதி தளர்ந்தது. அவ்வேளையிலே செபஸ்தியார் வெளிப்பட்டுப் பேசினார். பேசும் ஆற்றலை இழந்திருந்த சோயே என்னும் பெண், நிக்கோஸ்திராத்துஸின் மனைவி, அவரது செபத்தினால் மீண்டும் பேசினாள். செபஸ்தியார் செய்த முதல் அற்புதம் ஊமையாயிருந்த ஒருத்திக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இறுதியில் செய்தி அரசனுக்கு எட்டியது. மாளிகையின் முதன்மையானோருள் ஒருவனாக வைத்திருந்த என்னை ஏமாற்றினாயே என்று அவன் கடிந்துகொண்டான். திறந்த வெளியிலே கட்டிவைத்து வில்லாளரைக் கொண்டு எய்யும்படி கட்டளையிட்டான். முள்ளம்பன்றியைப் போலத் தோன்றுமளவுக்கு அம்புகள் தைத்தன என்று நூல் கூறுகின்றது. இறந்துவிட்டாரென்று எண்ணி விட்டுச் சென்றார்கள்.

நமது சொரூபம் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றது. நமது நவநாளும் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றது. ஆனால் கதை இங்கேதான் தொடங்குகின்றது என்பேன்.

அன்றிரவு ஒரு பெண் அந்த வெளிக்குச் சென்றாள். அவள் பெயர் இரேனே. அரண்மனையில் பணிபுரிந்து, கிறிஸ்தவர்களுக்கு மறைவிடம் கொடுத்ததற்காகக் கொல்லப்பட்ட கஸ்துலுஸ் என்பவரின் விதவை. அற்புதம் எதையும் எதிர்பார்த்து அவள் போகவில்லை. பிணத்தை எடுத்து அடக்கம் செய்வதற்கே போனாள். கணவனைப் பறிகொடுத்த துயரம் ஆறுவதற்குள் இன்னொருவரின் உடலைத் தேடி இரவிலே தனியே இறங்கிய அந்தத் துணிவை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தண்டனை பெற்றவனின் உடலைத் தொட்டாலே சந்தேகம் விழும். போய்ப் பார்த்தாள், மூச்சு இருந்தது. அவரைத் தான் குடியிருந்த இடத்துக்கே கொண்டுசென்றாள். அந்தக் குடியிருப்போ அரண்மனையைச் சார்ந்தது. எய்யச் சொன்ன அரசனின் கூரைக்குக் கீழேயே எய்யப்பட்டவரை வைத்து அவள் மருந்திட்டாள்.

நூல் இதனை மிகச் சுருக்கமாகச் சொல்லி, சில நாட்களில் அவர் முழு நலமடைந்தார் என்று முடித்துவிடுகின்றது. காயத்துக்கு மருந்து கட்டியறியாத ஒருவர் எழுதியதாக இருக்க வேண்டும். கட்டியவர்களுக்குத் தெரியும். உடலிலே தைத்ததை இழுத்தெடுக்கும்போது எழும் ஓசை, மறுநாள் வரும் காய்ச்சல், சீழ், நாற்றம், கந்தல் கிழித்துத் துவைத்துக் காயப்போட்டு மறுபடி கட்டுவது, அயலவருக்குக் கேட்காதபடி வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்வது. இவற்றையெல்லாம் அவள் செய்திருப்பாள். இவற்றுக்குத் திருநாட் புத்தகங்களிலே இடமில்லை.

இதனை வாசித்த அன்று அந்தச் சிறுவனின் நினைவு வந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் அவன் வீட்டைத் தேடிப் போனேன். அதுவரை நான் அங்கே போனதில்லை என்பதை வெட்கத்துடன் சொல்லுகிறேன். படலையைத் திறந்தபோது கொடியிலே நீளநீளமாக வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே அவனுடைய தந்தை குப்புறப் படுத்திருந்தார். 2009ஆம் ஆண்டு வன்னியின் கடைசி நாட்களில் முதுகிலே புகுந்த செல் துண்டுகளில் இரண்டு இன்னும் உள்ளேயே இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை புண் திறந்துகொள்ளும். வெளியிலிருந்த துண்டுகளை, மருத்துவர் இல்லாத இடத்தில், பதுங்குகுழிக்குள் வைத்துக் கைவிளக்கின் ஒளியிலே இழுத்தெடுத்தவர் அவருடைய மனைவி. சிறுவனுக்கு அப்பொழுது ஐந்து வயது. விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன்.

பதினாறு வயதாகியிருந்த அவனிடம், “நீ அண்டைக்குக் கேட்ட கேள்விக்கு மறுமொழி கண்டுபிடிச்சிட்டன். இரேனே எண்டு ஒரு அம்மா” என்றேன். “ஒரு பொம்பிளையாத்தான் இருக்கும் எண்டு எனக்கு அப்பவே தெரியும், சேர்” என்றான். சமையலறையிலிருந்த தாய் எட்டிப் பார்த்து, தேத்தண்ணி குடிக்கலாமா என்று கேட்டார்.

கதையின் எஞ்சிய பகுதியையும் சொல்ல வேண்டும். செபஸ்தியார் தேறியதும் கிறிஸ்தவர்கள் கூடிவந்து, நகரைவிட்டுப் போய்விடும்படி அவரை வேண்டிக்கொண்டார்கள். நியாயமான வேண்டுகோள். அவர் இறந்துவிட்டாரென்றே அரசன் நம்பியிருந்தான். பெயரை மாற்றிக்கொண்டு வேறு மாகாணத்திலே முதுமை வரை வாழ்ந்திருக்கலாம். யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அரசன் வரும் வழியிலே, எலகபாலுஸின் படிகள் என வழங்கிய இடத்தில் ஏறி நின்றார். இம்முறை மேலாடைக்குள் எதையும் மறைக்கவில்லை.

அவர் பேசியது எதைப்பற்றி என்பது கவனிக்கத்தக்கது. தமக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப்பற்றி அவர் முறையிட்டதாக நூல் சொல்லவில்லை. கிறிஸ்தவர்கள் நாட்டுக்குப் பகைவர்கள் என்று உமக்குப் பொய் சொல்லப்படுகின்றது. அவர்களோ உமக்காகவும் உமது படைகளுக்காகவும் செபிக்கின்றவர்கள் என்று, அப்பொழுது சிறைகளிலே கிடந்த மற்றவர்களுக்காகவே பேசினார். எய்து கொல்லச் சொன்ன செபஸ்தியான் நீயல்லவா என்று அரசன் திகைத்தான். இதைச் சொல்லுவதற்காகவே கிறிஸ்து என்னை உயிரோடு எழுப்பினார் என்பது அவர் மறுமொழி. அரண்மனையின் ஓட்டப்பந்தயத் திடலிலே தடிகளால் அடித்துக் கொன்றார்கள். கிறிஸ்தவர்கள் எடுத்து வணங்கிவிடக்கூடாதென்று, இரவிலே உடலை நகரின் பெருஞ்சாக்கடைக்குள் எறிந்தார்கள். லூசினா என்னும் பெண், கனவிலே இடம் அறிவிக்கப்பட்டு, சாக்கடைக்குள் ஒரு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த அந்த உடலை மீட்டுக் கொண்டுபோய், அப்பியா நெடுஞ்சாலையோரத்தில், அப்போஸ்தலர்களின் நினைவிடத்தருகே அடக்கம் செய்தாள். முன்னர் சொன்ன நாட்காட்டி குறிக்கும் கல்லறை அதுவே.

அம்புகள் எவ்வாறு கதை முழுவதையும் விழுங்கிவிட்டன? தொடக்கத்தில் அப்படியிருக்கவில்லை. இத்தாலியின் ரவென்னா நகரில் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வண்ணக்கற் சித்திரமொன்றிலே, மறைசாட்சிகளின் வரிசையில் வெள்ளாடை உடுத்து, கையிலே முடியை ஏந்தி அவர் நடந்து செல்கின்றார். உரோமையின் சங்கிலி இராயப்பர் ஆலயத்தில் உள்ள ஏழாம் நூற்றாண்டுச் சித்திரத்திலோ அவர் நரைத்த தாடியுடைய முதியவர். இரண்டிலும் அம்பு இல்லை. 680ஆம் ஆண்டு கொள்ளைநோய் உரோமையையும் பவியா நகரையும் வாட்டியது. செபஸ்தியாரின் திருப்பண்டத்தை உரோமையிலிருந்து கொணர்ந்து பவியாவில் அவருக்கு ஒரு பீடம் எழுப்பியதும் நோய் நின்றது என்று, லொம்பார்து மக்களின் வரலாற்றை எழுதிய திருத்தொண்டர் பவுல் குறித்துள்ளார். கொள்ளைநோயைக் கண்ணுக்குத் தெரியாத அம்பாக எண்ணுவது பழைய வழக்கு. 91ஆம் திருப்பாடலிலும் அம்பும் கொள்ளைநோயும் அடுத்தடுத்து வருகின்றன. அம்பு பட்டும் சாகாதவர் நோயம்பிலிருந்து காப்பார் என்று மக்கள் நம்பினார்கள். 1348ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பாவைச் சூறையாடிய பெருங்கொள்ளைநோயின் பின்னர் ஊருக்கு ஊர் அவர் பெயரில் பீடங்கள் எழுந்தன. அதன்பின் வந்த ஓவியர்கள் நரைத் தாடியை மழித்து, ஆடையைக் களைந்து, அழகிய இளைஞனாக அவரை மரத்திலே கட்டினார்கள். நம் ஆலயங்களுக்கு வந்து சேர்ந்தவர் அந்த இளைஞனே.

மறக்காதவர்களும் இருந்தார்கள். வெனிஸ் நகரத்துச் செபஸ்தியார் ஆலயத்திலே பாவுலோ வெரொனேசே 16ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓவியங்களில், அரசனைக் கண்டிக்கும் செபஸ்தியாரையும் தடியடி பட்டு மடியும் செபஸ்தியாரையும் காணலாம். அடுத்த நூற்றாண்டிலே இரேனே மீண்டும் ஓவியங்களுக்குள் வந்தாள். பிரான்சு தேசத்து ஜோர்ஜ் டி லா தூர் வரைந்து, இப்பொழுது பாரிஸின் லூவ்ர் அரும்பொருளகத்தில் இருக்கும் ஓவியத்தின் படமொன்றைப் பார்த்தேன். இரவு. ஒரு தீப்பந்தம். தரையிலே கிடக்கும் உடலில் ஒரேயொரு அம்பு. அருகே முழந்தாளிட்ட ஒரு பெண். பார்த்த மாத்திரத்தில் பதுங்குகுழியும் கைவிளக்குமே என் நினைவுக்கு வந்தன.

அம்பிலிருந்து எங்களைக் காத்தருளும் என்று செபஸ்தியாரிடம் மன்றாடுவது பிழையென்று நான் சொல்லவில்லை. வைசூரியும் வாந்திபேதியும் வந்து போன கரையோரத்திலே நம் பாட்டன்மார் கண்ணீரோடு செய்த மன்றாட்டு அது. அதைப் பரிகசிக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் காக்கப்படாதவர்களை என்ன செய்வது? 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கட்டுவாப்பிட்டியில் குண்டு வெடித்தது செபஸ்தியாரின் ஆலயத்துக்குள்ளேயே. அவருடைய கூரைக்குக் கீழே நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். வன்னியிலிருந்து உயிரோடு மீண்டவர்களுள்ளும் அவரை மன்றாடாதவர் சிலரே. அவர்களுள் எத்தனை பேரின் உடலிலே இன்னும் இரும்பு கிடக்கின்றது! காப்பாற்றும் புனிதர் என்ற ஒரே முகத்தை மட்டும் வைத்துக்கொண்டால், இவர்களைப் பார்த்து நாம் சொல்லத்தக்கது எதுவுமில்லை. சொல்ல ஒன்றுமில்லாதபடியால் பார்க்காமலே இருந்துவிடுகிறோம். அந்தத் தந்தையைப் பார்க்காமல் ஆறு ஆண்டுகள் நான் இருந்ததைப் போல.

முழுக் கதையையும் வைத்துக்கொண்டால் நிலைமை வேறு. அம்பு பட்டவர் செபஸ்தியார். ஆகவே அம்பு பட்டவர்கள் அவருடைய பீடத்துக்கு அந்நியர்களல்லர்; மற்றெவரையும்விட நெருங்கியவர்கள். அவர்களுக்கு மருந்து கட்டிக்கொண்டிருக்கும் மனைவியரும் தாய்மாரும் இரேனேயின் பணியைச் செய்கின்றார்கள், அந்தப் பெயரைக் கேள்விப்படாமலேயே. உடல்களைத் தேடுகின்றவர்களோ லூசினாவின் வழிவந்தவர்கள். 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டு வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாருக்கு, எந்தச் சாக்கடைக்குள் பார்க்க வேண்டுமென்று ஒரு கனவுகூட வரவில்லை. கட்டுவாப்பிட்டியிலே உறவுகளை இழந்தவர்கள், நடந்ததன் முழு உண்மையையும் சொல்லுங்கள் என்று கேட்டபோது, அவர்களும் படிகளிலே ஏறி நின்றவர்களே. ஆலயத்துக்குள் அரசியல் வேண்டாம் என்று இவர்களை ஒதுக்கிவைப்பவர்கள், செபஸ்தியார் இரண்டாம் முறை எதற்காகக் கொல்லப்பட்டார் என்பதை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை உண்டு. செபஸ்தியாரின் நவநாள் வழக்கமாக ஜனவரி 11ஆம் திகதி ஆரம்பித்து 19ஆம் திகதி முடிவடையும். அதன் நடுவே, 16ஆம் திகதி, நம் நாட்டின் அப்போஸ்தலரான புனித ஜோசப் வாஸ் அடிகளாரின் திருநாள் வருகின்றது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே புனிதராக உயர்த்திய அதே அடிகளார். 1697ஆம் ஆண்டு கண்டியிலே வைசூரி பரவியபோது, தப்பக் கூடியவர்கள் நகரைவிட்டு ஓடினார்கள். நோயாளிகளை உறவினரே காடுகளில் விட்டுச் சென்றார்கள். அடிகளாரும் அவருடன் இருந்த ஜோசப் கர்வாலோ அடிகளாரும் ஓடாமல் நின்று, மத வேற்றுமை பாராமல் நோயாளிகளைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைத் தம் கைகளாலே புதைத்தார்கள். கொள்ளைநோயின் பாதுகாவலருடைய நவநாளுக்குள்ளே, கொள்ளைநோயாளரின் புண்களைத் தொட்டவருடைய திருநாள் அமைந்திருக்கின்றது. யாரும் திட்டமிட்டு அமைத்ததல்ல. அமைந்துவிட்டதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்?

அந்த ஆறாம் நாள் நவநாளை ஆலயத்தில் வைக்காமல், பங்கிலே காயத்தோடு படுத்திருப்பவர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோகலாம். திருச்சொரூபம் பெரிது, தூக்கிச் செல்ல இயலாது என்றால் பெட்டிக்குள் கிடக்கும் அம்புகளில் ஒன்றை எடுத்துச் செல்லலாம். கேரளத்திலே அம்புப் பெருநாளின்போது செபஸ்தியாரின் அம்பை வீடு வீடாகக் கொண்டுசெல்லும் வழக்கம் உண்டு. அங்கே அது ஆசீர்வாதமாகப் போகின்றது. இங்கே அது ஒரு கேள்வியோடு போகட்டும்: உங்களுக்கு மருந்து கட்டுவது யார், அவருக்கு ஓய்வு கொடுப்பது யார், துணி வாங்கப் பணம் இருக்கின்றதா, மருத்துவமனைக்கு ஏற்றிச்செல்ல ஆள் வேண்டுமா? இக்கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வருவதற்கு இரண்டு இளைஞரும் ஒரு கொப்பியும் போதும். திருநாட் திருப்பலியிலே காணிக்கைப் பவனியில் அந்தக் கொப்பியையும் பீடத்துக்குக் கொண்டுவரலாம்.

இதனை எங்கள் திருநாள் ஆயத்தக் கூட்டத்தில் ஒருமுறை சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். ஒலிபெருக்கி, மின்விளக்கு, வாணவேடிக்கை ஆகியவற்றின் செலவுகளை ஆராய்ந்த பின்னர், நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போய்விட்டது, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். அடுத்த வருடமும் அவ்வாறே சொன்னார்கள். கோபமில்லை; அவர்கள் கேட்ட முதல் தடவைக்கும் நான் அந்தப் படலையைத் திறந்த நாளுக்கும் இடையே சென்ற காலத்தை நினைத்தால் எனக்குக் கோபப்பட உரிமையுமில்லை.

ஆனால் சென்ற திருநாளன்று ஒன்று நடந்தது. சொரூபத்தைத் துடைத்து அம்புகளைப் பொருத்தும் வேலையை எங்கள் ஆலயத்து மூப்பர் வழக்கமாகத் தாமே செய்வார். கண்பார்வை குறைந்ததால் துணைக்கு ஆள் வேண்டுமென்றார். நான் அந்தச் சிறுவனைக் கூட்டிவந்தேன். இப்பொழுது அவன் இளைஞன். ஐந்து அம்புகள். நான்கைப் பொருத்தினான். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு, “இதை அப்பாவுக்குக் காட்டிப்போட்டு விடியக் கொண்டுவரட்டே?” என்று மூப்பரிடம் கேட்டான். மூப்பர் என்னைப் பார்த்தார். பிறகு, துலைச்சுப்போடாதை என்று சொல்லி ஒரு துணியிலே சுற்றிக் கொடுத்தார்.